இருமுவதற்கு ஓர் இடம்

எங்கள் குடும்பத்தில் என் அண்ணிக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது நான்தான். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை ஓயாத வாய். பேச ஆள் கிடைக்காவிட்டால் தையல் மிஷினோடு பேசுவாள். ஊசியில் கோக்க வராத நூலைப் பெயர் சொல்லாத குறையாகத் திட்டுவாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் வாயே திறக்கக் கூடாத ஒரு வீட்டில் வைத்தான் என் அண்ணன்.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. இருபது வருடம் கிடங்கில் மூட்டை தூக்கி முழங்கால் தேய்ந்துபோன பிறகு அவனுக்குக் கிடைத்த வேலை அது. நகரத்தில் மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதம் மட்டுமே வாசிக்கிற பெரிய அரங்கம் ஒன்று இருக்கிறது. வயலின், காலிடுக்கில் நிற்கவைத்து வாசிக்கிற பெரிய வயலினான செல்லோ, குழல், முரசு என்று ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து ஒன்றாக வாசிப்பார்கள். அதில் அண்ணன் கதவுக்காரன். இடது பக்கக் கதவுக்கு உள்ளே ஒரு முக்காலி. வாசிப்பு தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு அதில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். முடிகிறவரை ஈ காக்கை உள்ளே வரக் கூடாது, வெளியேயும் போகக் கூடாது. அந்த வேலைக்கென்றே மேடைக்குப் பின்னால் இரண்டு அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். கதவு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அறை. கதவு போனால் அறையும் போய்விடும்.

மேடையின் பின்சுவர்தான் அண்ணியின் சமையலறைச் சுவர். சமையலறை வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருந்தது. மேடையில் வாசிப்பு தொடங்கினால் அது எரியும். எரிகிறவரை இந்தப் பக்கம் மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. தையல் மிஷின் பேச்சே கூடாது. காலையில் ஒத்திகை மூன்று மணி நேரம், சாயங்காலம் கச்சேரி இரண்டு மணி நேரம். நடுவில் கிடைக்கிற நேரத்தில் அண்ணி சமைத்து, துவைத்து, தைத்து, பேசியும் முடிக்க வேண்டும். ஜன்னல் ஒன்று உண்டு. திறந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய உடைந்த நாற்காலிகள் தெரியும்.

"ஜெயில்ல கூடப் பக்கத்து ஆளோட பேசிக்கலாம்," என்றாள் முதல் வாரம்.

நான் அங்கிருந்து மூன்று பஸ் நிறுத்தம் தள்ளிக் குடியிருந்தேன். பள்ளிச் சீருடைக் கடையிலிருந்து வெட்டிய துணியை வாங்கி வருவேன், அண்ணி மூட்டித் தைப்பாள், நான் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பேன். அநேகமாகத் தினமும் அவளோடுதான் இருந்தேன். சிவப்பு பல்பு எரியும்போது சைகையிலேயே சண்டை போடக்கூடப் பழகிவிட்டோம். எனக்குச் சாயங்காலமானால் என் வீடு இருந்தது. அவளுக்கு எங்கே போக்கிடம்?

முதல் புகார் குக்கரால் வந்தது. விளக்கு எரிவதற்கு முன்பே இறக்கிவிடலாம் என்று வைத்தாள், அது விசில் விடத் தாமதமாகிவிட்டது. மேடையில் ஒருவர் குழலில் உயிரைக் கொடுத்துத் தனியாக வாசித்துக்கொண்டிருந்த நேரம். இந்தப் பக்கத்திலிருந்து குக்கர் அவருக்கு மூன்று முறை பதில் சொன்னது. மறுநாள் மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது.

இரண்டாவது புகார் இன்னும் மோசம். அன்று சிவப்பு பல்பு ஃபியூஸ் போயிருந்தது. அண்ணி காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தாள். சத்தம் நின்றது. பாட்டு முடிந்துவிட்டது என்று மிஷினை மிதித்தாள். பாட்டு முடியவில்லை. அந்த ரகப் பாட்டு பெரும்பாலும் நாலு துண்டாக வரும். ஒரு துண்டு முடிந்ததும் வாசிப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு அடுத்த துண்டைத் தொடங்குவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அங்கே கை தட்டமாட்டார்கள். ஆயிரம் பேர் மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்த அந்த இடைவெளியில் எங்கள் தையல் மிஷின் கடகடவென்று ஒரு கால்சட்டையின் பக்கத் தையலை முழுசாகப் போட்டு முடித்தது. இன்னொரு புகார் வந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தது.

அண்ணி சங்கீதம் கேட்க ஆரம்பித்த கதை இதுதான். ரசனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எது இடைவெளி, எது முடிவு என்று தெரியாவிட்டால் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்ற பயம். கச்சேரிக்கு வந்தவர்கள் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போகிற நிகழ்ச்சித்தாள்களை அண்ணன் பொறுக்கிக்கொண்டு வருவான். இன்றைக்கு என்ன பாட்டு, எத்தனை துண்டு என்று அதில் இருக்கும். அண்ணி சுவரோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டபடி கேட்பாள். வேகமாக ஓடினால் நெருக்கமான தையல் கோடு. மெதுவாகப் போனால் தூரத் தையல். எல்லோரும் சேர்ந்து இடித்தால் தடித்த கோடு.

முதல் மாதம் தலைவலி தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே கேட்கிறது, யாரோ எதையோ ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் வேறு யாரோ வந்து கலைத்துவிடுகிறார்கள் என்று புலம்பினாள். பிறகு ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் என் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, விளக்கு அணைகிறவரை விடவில்லை. அணைந்ததும் கொட்டினாள். ஆரம்பத்தில் வருகிற சின்னத் துணுக்கு இருக்கிறதே, அதுதான் பின்னால் திரும்பத் திரும்ப வருகிறது. வயலினில் வந்தது பிறகு குழலில் வருகிறது. சிரித்துக்கொண்டு வந்தது அழுதுகொண்டு வருகிறது. நாம் வேறு வேறு என்று நினைத்து ஏமாந்துவிடுகிறோம்.

"அளவு ஒண்ணுதான். துணியத்தான் மாத்தறான்," என்றாள். என்னவோ தானே வெட்டியதுபோல அவ்வளவு பெருமை.

எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் பாதிதான் புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு அண்ணி தப்பு செய்யவே இல்லை. பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அவள் கை தூக்கினால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். அடுத்த நொடி சுவருக்கு அப்பால் கைதட்டல் கேட்கும்.

மழைக்காலத்தில் அண்ணனுக்கு இருமல் பிடித்தது.

முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. மழைக்கு இருமாதவன் யார்? கஷாயம் குடித்தான், கடையில் மருந்து வாங்கிக் குடித்தான். மழை நின்றது, இருமல் நிற்கவில்லை. அரங்கத்தில் இருமலுக்கு ஒரு நியாயம் இருந்தது. டிக்கெட் வாங்கியவர் இருமினால் பாவம், வயசானவர் என்று விட்டுவிடுவார்கள். கதவுக்காரன் இருமக் கூடாது. இவனுக்கு முன்னால் அந்த முக்காலியில் இருந்தவரை, தும்மல் நிற்கவில்லை என்று நாற்காலிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றிய வாரமே அறையும் கைமாறியது. அப்படித்தான் அது எங்கள் கைக்கு வந்தது. டாக்டரிடமும் போக முடியாது. அரங்கத்து ஆட்களைப் பார்க்கிற டாக்டர் எழுதுகிற சீட்டு நேராக மேனேஜர் மேஜைக்குப் போகும். வெளி டாக்டரிடம் போ என்றேன். அவரும் லீவு போட்டுப் படுத்துக்கொள்ளச் சொல்வார், லீவுக்குக் காரணம் எழுத வேண்டும், சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும் என்றான். அவன் சொன்னதும் உண்மைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

துண்டுகளுக்கு நடுவே எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள், அங்கே இவனும் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரு துண்டு இருபது நிமிடம் ஓடும். அதுவரை நெஞ்சு பொறுக்காது. ஒருநாள் முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தவனைப் பார்த்துவிட்டு அண்ணி பழுப்புக் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று நாள் ஒத்திகை நடக்கும். முதல் நாள் சும்மா கேட்பாள். இரண்டாம் நாள் தடித்த கோடுகளை மட்டும் தேடுவாள். மூன்றாம் நாள் எண்ணிச் சரிபார்ப்பாள். கச்சேரியன்று அண்ணன் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கும். அவள் கையெழுத்தில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. 'இரண்டாவது துண்டு. குழல் தனியாக வரும். வயலின் சேரும். பத்து எண்ணவும். முரசு. இருமவும்.'

அது வேலை செய்தது. முரசு இடிக்கிறபோது அண்ணன் இருமுவான், ஒரு காக்கைக்கும் கேட்காது. போகப்போக அவனுக்கும் பழகிவிட்டது. முரசுக்காரன் கோலைத் தூக்கும்போதே நெஞ்சைத் தயார் செய்துகொள்வானாம். கச்சேரி முடிந்து வந்து, எப்படி இருமினேன் என்று எங்களுக்கு நடித்துக் காட்டுவான். நானும் அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரிப்போம். சம்பளமில்லாத முரசுக்காரன் என்று அவனுக்குப் பெயர் வைத்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் என் வாயை நானே ஊசி போட்டு மூடலாம் போலிருக்கிறது.

எட்டு மாதம் இப்படிப் போனது. அண்ணிக்கு விருப்பு வெறுப்பு வந்துவிட்டது. இந்தப் பாட்டுகளை எழுதிவிட்டுச் செத்துப்போய் நூற்றுக்கணக்கான வருடம் ஆன ஆட்களைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர்கள்போலப் பேசுவாள். ஒருத்தன் தங்கமானவன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடிப்பான். இன்னொருத்தன் கல்நெஞ்சன், இதோ வருகிறது என்று காட்டிவிட்டு அப்படியே கரைத்துவிடுவான். நிகழ்ச்சித்தாளில் அந்தக் கல்நெஞ்சன் பெயரைப் பார்த்தால் அன்றைக்குச் சமையலில் உப்பு இருக்காது.

ஒரு காலையில் அண்ணனை நாற்காலி ஏற்றுகிற வேலைக்கு வெளியே அனுப்பியிருந்தார்கள். அன்றைய ஒத்திகைப் பாட்டின் கச்சேரிக்கு வேறு ஆள் கதவில் இருப்பார் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நான் போனபோது அண்ணி ஸ்டூலில்தான் இருந்தாள். ஆனால் மடியில் காகிதம் இல்லை, கையில் பென்சில் இல்லை. கத்தரிக்கோல் மடியில் கிடந்தது. சுவருக்கு அப்பால் வயலின்கள் மட்டும் மிக மெதுவாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தன. விளக்கு அணைந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பேசவும் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. என்ன அண்ணி என்று தோளைத் தொட்டேன்.

"இன்னைக்கு அதுல ஒண்ணும் தேடல. சும்மா கேட்டேன்," என்றாள். கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிட்டு, "இவ்வளவு நாளா இது இங்கயேதான் இருந்திருக்கு பாரேன்," என்றாள்.

அதன் பிறகு நான் வெளியே நடக்கும்போது யோசித்தேன். அவளுக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்தது எல்லாமே மெல்லிய இடங்கள். அவள் புருஷனுக்கு மூச்சு முட்டுகிற இடங்கள். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

அண்ணன் இளைத்துக்கொண்டே வந்தான். பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டுக் கொடுத்தவளே நான்தான். ஒரு துண்டுக்கு இரண்டு இடம் போதுமானதாக இருந்தது, மூன்றாகி நான்காகியது. டாக்டரிடம் போகலாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்தக் கச்சேரி வரிசை முடியட்டும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு வரிசை முடிந்தால் அடுத்தது தொடங்கிவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் வெளியூரிலிருந்து ஒரு செல்லோக்காரர் வந்தார். முரசு கிடையாது, குழல் கிடையாது, கூட ஒரு ஆள் கிடையாது. அவர் ஒருவர், ஒரு நாற்காலி, ஒரு செல்லோ. இடைவெளியே இல்லாமல் நாற்பது நிமிடம் ஒரே பாட்டு. முதல் நாள் கேட்டுவிட்டு அண்ணி நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். இரண்டாம் நாள் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கே தெரிந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் கேட்டதில்லை, அவ்வளவு கொடூரமான ஒன்றையும் கேட்டதில்லை. கச்சேரி மறுநாள்.

அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தான். வந்ததும் சீட்டுக்குக் கை நீட்டினான். அண்ணி காகிதத்தைக் காட்டினாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஒரு இடம்கூடவா இல்ல?"

"இல்லங்க. மூணு நாளாத் தேடிட்டேன்."

"சரி விடு. அடக்கிக்கறேன்."

"நேத்து ஒரு வாய் சோறு முழுங்கற வரைக்கும் உங்களால அடக்க முடியல. நாப்பது நிமிஷம் எப்படிங்க?"

அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து பாதி சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தான். சாய்ந்ததும் இருமினான். அண்ணி சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் உதடு அசைந்தது. எவ்வளவு நேரம் இருமுகிறான் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வெறும் காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நடைவழியில் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அறை போய்விடும், வேலை போய்விடும், ஒரே ஒரு நாள்தானே, உடம்பு சரியில்லை என்று அவனைப் படுக்கவைத்துவிடலாம் என்றெல்லாம் சொன்னேன். அவன் என் கூடப்பிறந்தவன். அவனைப் பற்றி யோசிக்காமல் அந்த இரண்டு அறைகளைப் பற்றி யோசித்தது நான். இதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

"கையை விடு," என்றாள் அண்ணி. அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

மேனேஜர் பொல்லாதவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். வேறு ஆளை உடனே கதவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அறையை மாதக் கடைசி வரை வைத்துக்கொள்ளலாம் என்றார். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, நான் என்ன செய்ய முடியும் என்று அவரே வருத்தப்பட்டார். எங்கள் ரேடியோ ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்தினான். என்னிடம் மட்டும், உன் அண்ணி என் குடியைக் கெடுத்துவிட்டாள் என்றான். மறுநாள் செல்லோக்காரர் சுவருக்கு அப்பால் வாசித்தபோது இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தலையணையில் முகத்தை வைத்து இருமிக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்த நாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் மாட்டி நீண்ட நேரம் பார்த்தார். நுரையீரலில் கட்டி என்றார். வலது பக்கம் பெரும்பாலும் அதுதான், இடது பக்கத்துக்கும் பரவிவிட்டது என்றார். அண்ணி அறுத்து எடுக்கலாமா என்று கேட்டாள்.

"எட்டு மாசம் முன்னாடி இது சுண்டு விரல் நகம் அளவுதான் இருந்திருக்கும். அப்ப வந்திருந்தா எடுத்திருக்கலாம்மா. இப்ப முடியாது. மருந்து தரேன், வலி தெரியாம இருக்கும்," என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டுச் சீட்டைப் பார்த்தார். அரங்கத்தின் பெயர் அதில் இருந்தது. அவர் நெற்றி சுருங்கியது.

"அங்க ஊசி விழுந்தாக் கேட்குமே. எட்டு மாசமா இருமியிருக்கீங்க, ஒருத்தர் காதுலகூடவா விழல? விழுந்திருந்தா அன்னைக்கே இங்க துரத்தியிருப்பாங்களே."

இரண்டு நாளாக அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் இருந்த அண்ணன் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையைக் காட்டுகிறமாதிரி கையை நீட்டி அவளைக் காட்டினான்.

"எல்லாம் இவ கெட்டிக்காரத்தனம் டாக்டர். எந்தப் பாட்டுல எங்க சத்தம் வரும்னு இவளுக்கு அத்துப்படி. எட்டு மாசத்துல ஒரு இடம்கூட இவ தப்பாச் சொன்னதில்ல."

"போதுங்க," என்றாள் அண்ணி.